சிட்னி விமான நிலையத்தில் அவர் வாய் திறந்தார்

1975 ஜூன் மாதம், சிட்னியில் என் கணவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அவருக்கு இருபத்தாறு வயது. தச்சு வேலை செய்பவர். வேலை இல்லாமல் போன அந்தக் குளிர்காலத்தில், தானே ஜன்னல் பொருத்திக் கொடுத்த ஒரு வீட்டுக்குள் அதே ஜன்னலைக் கழற்றி இறங்கி, நகைகளை எடுத்துவிட்டார். நான் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

நீதிமன்றத்தில் அவர் எதையும் மறுக்கவில்லை. சிறைத்தண்டனை. அது முடிந்ததும் இலங்கைக்கு நாடுகடத்தல்.

"ஆண்டவரே, நாடுகடத்தலை மட்டும் நிறுத்தும்" என்று தினமும் அழுதேன். நிற்கவில்லை. மேன்முறையீடும் தள்ளுபடியானது.

முதல்முறை நான் அவரைப் பார்க்கச் சிறைக்குப் போனபோது, "இனி இஞ்சை வராதை. நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொள்" என்றார். பிறகு என்னைப் பார்க்கவே மறுத்துவிட்டார். ரயில் மாறி மாறிப் போவேன். வாசலில் காவலர் தலையை அசைப்பார். திரும்பி வருவேன். தேவாலயத்தில் என் பக்கத்துக் கதிரையில் யாரும் உட்காருவதில்லை. பிள்ளை பிறந்தது. தனியாகத்தான் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அவர் சாப்பிடுவதே இல்லை என்று சிறைக்குப் போய்வரும் போதகர் ஒருநாள் சொன்னார். அன்று என் ஜெபம் மாறிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில், குசினித் தரையில் இருந்தேன். "எங்கே வேண்டுமானாலும் அனுப்பும். உயிரை மட்டும் விட்டுவையும்." வேறு சொல் வரவில்லை. மனதுக்குச் சமாதானமும் வரவில்லை.

அடுத்த ஆண்டு அவரை அனுப்பும் நாள் வந்தது. விமான நிலையத்தில் போய் நின்றேன். இரண்டு அதிகாரிகள் நடுவே, கையில் விலங்கோடு வந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் அதிகாரி பிள்ளையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அவரை என் பக்கம் விட்டுச் சற்றே தள்ளி நின்றார்.

என் கணவர் மெல்லப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். பிறகு அவர் கேட்டார்:

"பெடியனோ, பெட்டையோ?"

"பெட்டை. உங்கடை மூக்குத்தான்."

குனிந்து பிள்ளையின் பாதத்தில் கன்னத்தை வைத்தார்.

"கொழும்பிலை இறங்கினதும் உயிரை விடுறதெண்டுதான் இருந்தனான். இனி மாட்டன். நீ பிள்ளையோடை வாறியோ?"

"ஓம். வாறன்."

சில மாதங்களில் வந்து சேர்ந்தேன். வாழ்க்கை ஒன்றும் பூத்துக் குலுங்கவில்லை. ஊரில் யாரும் அவரை வீட்டுக்குள் வேலைக்கு விடவில்லை. கடற்கரையில் வள்ளங்கள் திருத்தினார். இன்றும் அதுதான் பிழைப்பு. ஆனால் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் நன்றி சொல்லி ஜெபிப்பவர் அவர்தான்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதும் கிடைக்காமல் போயிருக்கலாம். ஜெபிக்க மனமே இல்லாமல் இருக்கலாம். நானும் அப்படித்தான் அந்தக் குசினித் தரையில் இருந்தேன். அந்த நிலையிலேயே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். என் பிள்ளைக்கு அப்பாவைத் தந்தவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.