லாரி போகாத சந்து

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, டோனியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் நாகல்நகருக்கு வந்தவள் ஏஞ்சலின். டோனி பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தடவை எழுதினால் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல ஓடும் ஆப்கள் செய்வது அவள் தொழில். அரிசி மண்டி, பூட்டுக் கடை, கண் ஆஸ்பத்திரி என்று பலருக்கும் வீட்டிலிருந்தே செய்து கொடுத்தாள். சொன்ன நாளில் முடிப்பாள் என்று பேர்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் செம்பட்டி வெங்காய மண்டிக்காரர் வேலுசாமி வந்தார். வைத்த டீயைத் தொடவில்லை.

“லாரி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்மா. மண்டி கம்ப்யூட்டர்லயும் தெரியணும், என் போன்லயும் தெரியணும். அம்புட்டுதான்.”

“டிரைவர் போன்லயும் ஆப் இருக்கணுமே.”

“இருக்கட்டும். ஆனா அவன் கண்ணுக்குத் தட்டுப்படக் கூடாது. தெரிஞ்சா ஆப் பண்ணிட்டு எங்கயாச்சும் படுத்துருவான்.”

மற்ற முதலாளிகளும் கேட்கிற சங்கதிதான். ஏஞ்சலின் மறைத்துக் கொடுத்தாள். வரைபடத்தில் லாரி ஒரு பச்சைப் புள்ளி, அதன் கீழே வேகம்.

மூன்று லாரி என்றவர் ஒன்றைத்தான் சேர்த்தார். கேட்டதற்கு, “இது போதும்மா” என்றார். அப்புறம் அண்ணன் மகன்கள் நாலு பேர் போனிலும் அது தெரிய வேண்டும், அவர்கள் எங்கே வருகிறார்கள் என்றும் தெரிய வேண்டும் என்றார். குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

ஒரு முற்பகலில் அவர் போன் பண்ணி, சின்ன போன்களில் வேகம் சரியாகத் தெரியவில்லை என்றார். சரிபார்க்கத் திரையைத் திறந்தாள். வேகம் நாலு. ஆள் நடக்கிற வேகம். புள்ளி சின்னாளப்பட்டியில், நெசவாளர் வீடுகள் இருக்கும் ஒரு சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சுங்குடிச் சேலை எடுக்க அவளே போயிருக்கிற சந்து. எதிரே பைக் வந்தால் சுவரோடு ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

பழைய தடத்தைப் பார்த்தாள். முந்தின வாரம்வரை புள்ளி செம்பட்டியில் ஒரு வீட்டிலிருந்து காந்திகிராமத்துக் காலேஜுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பியிருந்தது. பிறகு அந்தச் சந்தை விட்டு வெளியே போகவில்லை. இப்போது அண்ணன் மகன்களின் நாலு சிவப்புப் புள்ளிகள் செம்பட்டியைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

பதிவில் இருந்த டிரைவர் நம்பரை அழைத்தாள்.

“யாருங்க?” ஒரு பெண்ணின் குரல்.

“வேலுசாமி உனக்கு யாரும்மா?”

“எங்க அப்பா. ஆனந்தி பேசுறேன். வீட்டுக்குத் தெரியாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்க வந்துட்டேன்.”

“உன் போனை வச்சு உன்னையப் பாத்துக்கிட்டு இருக்காரு. உங்க பெரியப்பா மக்க கிளம்பி வாராங்க. போனை அங்கயே போட்டுட்டு ரெண்டு பேரும் நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க.”

“அவரு தறியில இருக்காருக்கா.”

“எந்திரிக்கச் சொல்லு.”

ஆப்பை முடக்கிவிடலாமா என்று நினைத்தாள். புள்ளி மறைந்தால் உடனே தெருத்தெருவாகத் தேடுவார்கள். விட்டுவைத்தாள். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சந்துக்குள் நுழைந்து பச்சைப் புள்ளியின்மேல் நின்றன. உள்ளே யாரும் இருந்தார்களா இல்லையா என்று திரை சொல்லவில்லை.

வேலுசாமி அழைத்தார். “கடைசியா அந்தப் போனுக்குப் பேசுனது நீங்கதானம்மா?”

“ஆமா.”

“வீடு நாகல்நகர்தானே. ஆளுக வாராங்க, பேசிக்கலாம்.”

லேப்டாப்பை மூடாமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டோனியின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். இருவரும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது நாலு புள்ளிகளும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு ஜீப்பை அனுப்பினார். கதவு உடைந்திருந்தது. இரண்டு பேர் அங்கேயே பிடிபட்டார்கள்.

ஆனந்தியும் தறிக்கார மாப்பிள்ளையும் கொல்லைப்பக்கமாக ஓடித் தப்பியிருந்தார்கள். போலீஸ் அவர்களை வெளியூருக்கு அனுப்பிவைத்தது. எந்த ஊர் என்று ஏஞ்சலின் கேட்டுக்கொள்ளவில்லை. வேலுசாமி ஜாமீனில் வந்து மண்டியைத் திறந்துவிட்டார். அவளும் ஆப் செய்துகொண்டுதான் இருக்கிறாள். யார் போனில் போடப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறாள்.

போன மாதம் அவள் ஏறியிருந்த பஸ் செம்பட்டியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வேலுசாமி. அவளைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. பஸ் கிளம்பும்வரை அவர் கைகள் இறங்கவில்லை.