இடம் மாற்றியது தெரியவில்லை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரைதான் எனக்குத் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் மெஷினின் எண்களில் ஒன்பதுக்குப் பிறகு வருவது அந்த ஆறு எழுத்துதான். எண்பதுகளில் சூரமங்கலத்தில் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்கும் தைரியம் என் ஒருவனுக்குத்தான் இருந்தது. கீழே ரேடியோ ரிப்பேர் கடை, மாடியில் ஜாகை, சாப்பாடு மெஸ்ஸில்.

நூல் வியாபாரம் செய்த பாய் ஒருவர் பில் போட என்னிடம் ஒரு சின்ன மெஷின் வாங்கினார். பெங்களூரில் அவர் ஓடப் பார்த்த புரோகிராம் அங்கிருந்து கேசட்டில் வந்தது. மெஷினுக்குப் புரியும் எண்களாக அங்கேயே மாற்றி அனுப்பியிருந்தார்கள். மெமரியின் அடியில் உட்கார்ந்து ஓடுவதற்காகச் செய்தது அது. நான் விற்ற மெஷினிலோ அந்த இடத்தில் அதன் சொந்தப் புரோகிராம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தூக்கி மேலே வைத்தால் மட்டும் ஓடிவிடாது. உள்ளே வழியெங்கும் ‘இன்ன அட்ரஸுக்குப் போ’ என்று இருக்கும். இடம் மாறியது அதற்குத் தெரியாது, பழைய இடத்துக்கே போய் நிற்கும். எவ்வளவு தூரம் நகர்த்தினேனோ அவ்வளவை ஒவ்வொரு அட்ரஸிலும் கூட்ட வேண்டும். அட்ரஸில் மட்டும். நூல் எடையும் பார்ப்பதற்கு அதே மாதிரி எண்தான்; அதில் கூட்டினால் பாய் கடை திவால். முன்னால் நிற்கும் கட்டளையைப் பார்த்து, இது இடம், இது எடை என்று பிரித்தேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. என்னையே கேட்டுக்கொண்டேன், நானே பதில் சொன்னேன்.

ஓடியது. பாய் பில்லைப் பார்த்தார்.

"சரியா வருதுங்கண்ணே. பெங்களூர்க்காரன் கெட்டிக்காரன்தான்!"

எனக்குச் சுருக்கென்றது. "அவன் செஞ்சது இங்க ஓடாதுங்க பாய். நாந்தான் இடம் மாத்தி வெச்சேன்."

"அப்படீங்களா? அங்க பாத்த மாதிரியேதான இருக்குது?"

அதுதான் வேலையே என்று எப்படிச் சொல்வது? நன்றாக இடம் மாற்றினால் மாற்றியதே தெரியாது. விடுவேனா? திருத்தாத புரோகிராமை அப்படியே மேலே ஏற்றி ஓடவிட்டேன். திரை செத்து நின்றது.

"பாத்தீங்களா!" என்றேன்.

பாய் முகம் வெளிறிவிட்டது. "ஏண்ணே, நல்லா ஓடறதை எதுக்குக் கெடுத்துக் காட்டறீங்க? மொதல்ல பழையபடி பண்ணுங்க சாமி!"

பழையபடி ஏற்றிக் கொடுத்தேன். மெஷினை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

அன்று மெஸ்ஸில் எதிரே ஒரு ரயில்வேக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ரசத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார்.

தள்ளினேன்.