யூதாசுக்குக் குரல் கொடுத்தவர்

என் சின்ன மாமா வானொலி நாடகங்களில் பேசிய வேடங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாடகத்துக்கு ஒரு வரி: கேட்ட நாள், நாடகத்தின் பெயர், அதில் அவர் யார். கதாநாயகன் என்ற சொல் அந்தக் கொப்பியில் ஓரிடத்திலும் இல்லை. தபாற்காரன், தோணிக்காரன், முதற் காட்சியிலேயே இறந்துபோகும் தகப்பன், குடிகாரன், இன்னொரு குடிகாரன், விளம்பரத்தில் பேசும் காகம். ஒரு தொடரில் ஆறு வாரம் அவர் மாடாக இருந்தார். நாடகம் முடிந்ததும் நடித்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். மாமாவின் பெயர் பெரும்பாலும் வராது. ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பலரில் நான்கு பேர் மாமா என்பதைக் கொப்பியைப் பார்த்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஊரை விட்டுக் கொழும்புக்குப் போன பிறகு இருபத்தாறு வருடம் அவர் இப்படிப் பேசினார். கொழும்பில் அவரைத் தெருவில் கண்டு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் கடையில் வாய் திறந்து அரை இறாத்தல் பாண் கேட்டால், வரிசையில் நின்றவர்கள் திரும்புவார்கள். எங்கே கேட்ட குரல் என்று தெரியாமல் அவர்கள் விழிப்பதை நானே இரண்டு முறை கண்டிருக்கிறேன். இரண்டு முறையும் அவருடைய கூடையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவரோடு வந்தவள் நான் என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்பதற்காக.

கொப்பியின் முதல் வரி மட்டும் வானொலியில் கேட்டதல்ல. எங்கள் ஊர்க் கோயில் வளவில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை கேட்டது. ‘யூதாஸ். இரண்டு காட்சி’ என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், பட்டினத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். பெரிய வெள்ளியன்று சேசுநாதரின் பாடுகளை உடக்குகளால் காட்டுவார்கள். உடக்கு என்பது ஆளுயர மர உருவம். கையும் கழுத்தும் அசையும். மேடைக்குக் கீழே குந்தியிருப்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள்; திரைக்குப் பின்னால் ஒலிவாங்கியின் முன் நிற்பவர்கள் குரல் கொடுப்பார்கள். சேசுவின் குரலும் பிலாத்துவின் குரலும் வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டிமாரின் குடும்பங்களில் பரம்பரையாக இருந்தன. மிச்சமெல்லாம் மாமாவுக்கு. அவர் பட்டினத்தில் ஒரு கந்தோரில் பியோன். சீடர் இராயப்பரும் அவர்தான், இராயப்பரை அடையாளம் காணும் வேலைக்காரியும் அவர்தான், காது அறுபடும் சேவகன், கூவும் சேவல், எல்லாம் அவர்தான். சேசுவைக் காட்டிக்கொடுக்கும் யூதாசும்.

யூதாஸ்தான் சிக்கல். உள்ளே இல்லாத குணம் குரலில் வராது என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம் இருந்தது. மாமாவின் யூதாஸ் அவ்வளவு நன்றாக இருந்ததால், சனங்கள் அவரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மீன் சந்தையில் அவர் தலை தெரிந்தால், “யூதாசு வாறார், மீனைப் பொத்துங்கோடி” என்பார்கள். அது பகிடி. ஆனால் இரண்டு சம்பந்தங்கள் இந்த ஒரே காரணத்தால் குழம்பியது பகிடியல்ல. மாமாவுக்கு முப்பத்தொரு வயது. மூன்றாவது சம்பந்தம் முருங்கன் பக்கத்திலிருந்து வந்திருந்தது. இதுவும் போனால் இனிமேல் யாரிடமும் கேட்க மாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் கலியாணப் பேச்சு எடுப்பதில்லை. ஆனால் பாடுகளின் காட்சி பார்க்க வருவதைப் பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே பெண்ணும் தாய் தகப்பனும் பெரிய வெள்ளியன்று எங்கள் ஊருக்கு வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே மாமாவிடம் பேசினார்.

“தம்பி, இந்த வருசம் யூதாசை நல்லாச் செய்யாத.”

“எப்பிடியக்கா நல்லாச் செய்யாம விடுறது? எனக்கு அது பழக்கமில்லையே.”

“கந்தோர்க் கடிதம் வாசிக்கிற மாதிரி வாசி.”

“சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். சிரிப்புக்காக ஒருத்தனும் பொம்பிளை தராம விட்டதில்லை.”

“பாப்பம்” என்றார் மாமா. எங்கள் வீட்டில் ‘பாப்பம்’ என்பது சத்தியத்துக்கு ஒரு படி கீழே. அம்மாவுக்கு அது போதவில்லை. என் பின்னலை ஒருமுறை இழுத்து, “நீ அவையளுக்குப் பக்கத்தில இரு. யூதாசுக்குக் கதைக்கிறது ஆரெண்டு கேட்டா, வெளியூர் ஆளெண்டு சொல்லு” என்றார்.

பெரிய வெள்ளியன்று பொய் சொல்லலாமா என்று கேட்டேன். அம்மா மற்றப் பின்னலைத் தொடங்கினார்.

வெள்ளி பின்னேரம் அவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒருசந்தி விரதம் என்பதால் சாப்பாடு கொடுக்கவில்லை. அவர்கள் தண்ணீர் மட்டும் குடித்ததில் விருப்பமும் தெரியவில்லை, வெறுப்பும் தெரியவில்லை. கோயில் வளவு மணலில் பாய் விரித்து இருந்தோம். தகப்பன், தாய், பெண், நான் என்ற ஒழுங்கு. பெண் வெள்ளைச் சீலை உடுத்து, தலையில் முக்காடு போட்டிருந்தார். மடியில் முகம் துடைக்கும் லேஞ்சியை நான்காக மடித்து வைத்திருந்தார். மாமா முன்னேரமே திரைக்குப் பின்னால் போய்விட்டதால் அவர்கள் இன்னும் அவரைக் காணவில்லை.

முதலில் தோட்டத்துக் காட்சி. யூதாஸ் உடக்கு ஆடி ஆடி வந்து சேசுவின் முன் நின்றது. ஒலிபெருக்கியில் மாமா, “போதகரே வாழ்க” என்றார். ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று அடுத்து வரும் போல இருந்தது. பின்வரிசையில் இளந்தாரிகள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவர் எப்படிப் பேசக்கூடியவர் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கிணற்றடியில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டே ஐந்து பேராகப் பேசுவார்.

தகப்பன் என் பக்கம் குனிந்தார். “ஆர் பிள்ளை இது? கொழுக்கட்டையை வாயில வைச்சுக்கொண்டு கதைக்கிறான்.”

“வெளியூர் ஆளாம்” என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அந்தக் குரல் எங்களுடையது அல்ல என்று அப்போது நானே நம்ப ஆசைப்பட்டேன்.

இராயப்பர் மறுதலித்தார், சேவல் கூவியது. இவற்றையெல்லாம் மாமா வழக்கம்போலச் செய்தார். பிறகு யூதாசின் இரண்டாவது காட்சி. எங்கள் ஊர் நாடக ஏட்டில், வெள்ளிக்காசை எறிந்துவிட்டு யூதாஸ் நேரே சாகப் போவதில்லை. தன் தாயின் வீட்டு வாசலுக்கு வருவான். தட்ட மாட்டான். உடக்கு வாசலில் நின்றது. குரல் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஏட்டைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்து நான் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, கதவைத் திறவாதே” என்றார் மாமா.

அது கடிதம் வாசிக்கும் குரல் அல்ல. சத்தமாகவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நித்திரையில் இருப்பவரை எழுப்பாமல் பேசுகிற குரல். பின்வரிசையில் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, “கதவைத் திறவாதே. நான் வந்தது உனக்குத் தெரிய வேண்டாம்” என்றார். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். என் பக்கத்தில் லேஞ்சியின் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

தகப்பன் மறுபடி குனிந்தார். “இதுவும் அந்த வெளியூர் ஆளோ?”

இங்கே நான் செய்ய வேண்டியது ஒரு சொல் சொல்வதுதான். ‘ஓம்’ என்றால் மாமாவுக்குக் கலியாணம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவ்வளவு சனத்தையும் வாயடைக்க வைத்த ஒருவரை, பெயரில்லாத வெளியூர் ஆளுக்குக் கொடுத்துவிட என்னால் முடியவில்லை.

“இல்லை. இது எங்கட மாமா.”

“அப்ப முதல் கதைச்சது?”

“அதுவும் மாமாதான். அம்மா அவரைப் பிழையாக் கதைக்கச் சொன்னவ.”

தாய் சிலுவை அடையாளம் போட்டார். தகப்பன் நிமிர்ந்து இருந்தார். அதன் பிறகு என் பக்கம் குனியவே இல்லை. பெண் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகை கூடிவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஒரு குலுக்கலை நான் சாவீட்டிலும் கண்டதில்லை.

காட்சி முடிந்ததும் கடைசி பஸ்ஸைச் சொல்லி அவர்கள் அவசரமாகப் போய்விட்டார்கள். மாமாவைச் சந்திக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, “என்ன கேட்டவை?” என்றார். “ஒண்டும் கேக்கேல்லை” என்றேன். அன்றைய இரண்டாவது பொய் அது. இரண்டையும் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் ஒழுங்காகச் சொன்னேன். உண்மையைச் சொன்னதையும் பாவத்தில் சேர்ப்பதா என்று தெரியாமல் அதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை முழுவதும் அம்மா மாமாவோடு பேசவில்லை.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது தரகர் எங்கள் வாசலில் நின்றார். அம்மா கதிரையைக்கூடக் காட்டவில்லை. அவராகவே ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தார்.

“தகப்பனுக்கு முதல் மனமில்லைத்தான். பெட்டைதான் சொல்லிப்போட்டுதாம். ‘அக்கா பொய்யாக் கதையெண்டு சொல்லியும் ஒரு காட்சிக்கு மேல தாங்க ஏலாத மனுசன் அப்பா, இவர் ஆரைக் காட்டிக்குடுக்கப் போறார்’ எண்டு. தகப்பன் ஒரு பகல் முழுக்க யோசிச்சுப் பாத்திட்டு, சரியெண்டிட்டார்.”

அம்மா கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டார், எல்லோருக்கும் தேத்தண்ணியும் ஊற்றினார். பிறகு, “அக்கா சொன்னதெண்டு அவைக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

“பக்கத்தில இருந்த ஒரு சின்னப்பிள்ளையாம்.”

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவற்றில் ஒன்று தரகர் இன்னும் வாய் வைக்காதது.

அன்று பின்னேரம் மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். ஏசப் போகிறார் என்று எண்ணி, கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

“நீ அவவுக்குப் பக்கத்திலதானே இருந்தனீ?”

“ஓம் மாமா.”

“அழுதவவோ?”

“ஓம்.”

“எந்த இடத்தில?”

நான் யோசித்துச் சரியாகச் சொன்னேன். “‘கதவைத் திறவாதே’ எண்ட இடத்தில. முதலாந்தரம் சொல்லேக்க இல்லை. ரெண்டாந்தரம்.”

“வடிவாத் தெரியுமோ?”

“தெரியும். அப்பதான் லேஞ்சியை விரிச்சவ.”

மாமா மிதிகட்டையைச் சுற்றினார். சில்லு சுழன்று, தானாக நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “திருப்பிச் சொல்லு” என்றார். திருப்பிச் சொன்னேன். சில்லை மறுபடி சுற்றிவிட்டு, இன்னொருதரமும் சொல்லச் சொன்னார். அடுத்த வருடம் அந்த இடத்தை இன்னும் நன்றாகச் செய்வதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அதனால் மூன்றாம் முறை சொல்லும்போது, அவருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று, அவ இடது கையால்தான் கண்ணைத் துடைத்தவ என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.