தொம்மலூர் மாடியில் ஒரு கேமரா

அந்த வீட்டு மாடிப்படியில் கால் வைக்கும்போதே வேதநாயகிக்கு எரிச்சல் மூளத் தொடங்கிவிடும். மேலே கேமராவுக்கு கரண்ட் தரும் சோலார் தகட்டை யாரோ சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். யாரோ என்ன யாரோ, அங்கே குடியிருக்கும் சின்னப்பாதான்.

அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள் வேதநாயகி. கல்யாணங்களில் படமெடுத்துச் சலித்துப்போய், கட்டடங்கள் எழும்புவதை டைம்லாப்ஸாக எடுத்துத் தரும் சிறு கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். மாதக்கணக்கில் எடுத்த படங்களைக் கோத்தால் சில நிமிடப் படம் வரும். நடுவில் பேட்டரி செத்தால் போயிற்று; அந்த வாரம் எழும்பிய தளத்தை மறுபடி எடுக்க முடியாது.

தொம்மலூரில் எழும்பிக்கொண்டிருந்த அலுவலகக் கட்டடத்துக்கு எதிர்வீட்டு மாடியில் கேமரா வைக்க வீட்டுக்காரர் சம்மதித்தார். மேல் போர்ஷனில் குடியிருந்த சின்னப்பாவை யாரும் கேட்கவில்லை. அவர் அந்த மாடியில் வடகம் காயவைத்து விற்றுப் பிழைப்பவர்.

"தகட்ட ஏன் சார் திருப்புறீங்க?"

"அந்த பில்டிங்கு எழுந்தா என் மாடி இருட்டாயிடும். அத நீ போட்டோ புடிக்கிற. கொஞ்சமாச்சும் நாச்சிகே, வெக்கம் இருக்காம்மா உனக்கு?"

"ஓனரே பர்மிஷன் குடுத்துட்டாரு. உங்கள கேக்கணும்னு அவசியமில்ல."

அடுத்த முறை தகட்டின் வயரே அறுந்து கிடந்தது. கம்பெனி நடத்தும் கிஷோர் போனில் கத்தினான்: "இன்னொரு தடவ படம் விட்டுப்போச்சுன்னா நீ ஆபீஸ் பக்கமே வராத!"

வெயிலை நம்பினால்தானே இந்த ஆள் கையில் நம் குடுமி என்று அவள் கறுவிக்கொண்டாள். கரண்ட் மிச்சமாகட்டும் என்று கேமராவின் திரையை அணைத்தாள். ஃபோகஸைக் கையாலேயே நிறுத்திப் பூட்டினாள். எடுத்த படத்தை உடனுக்குடன் ஆபீஸுக்கு அனுப்புவதை நிறுத்தினாள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளியைக் கூட்டி, படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் கேமரா விழித்து மறுபடி தூங்கும்படி டைமர் வைத்தாள். பெரிய பேட்டரி ஒன்றை இரும்புப் பெட்டிக்குள் பூட்டினாள். தீரும் முன்பே வந்து மாற்றினாள். சின்னப்பா பெட்டியை உதைத்துப் பார்த்தார்; அசையவில்லை.

கட்டடம் எழும்பியது. மழை ஓய்ந்தும் மாடிக்கு வெயில் வரவில்லை. ஒருநாள் சின்னப்பா பூசணம் பிடித்த வடகத்தை முறத்தோடு அவள் காலடியில் கொட்டினார்.

"புடி, இதையும் போட்டோ புடி! உன் தகட்டுக்கும் வெயில் போச்சில்ல?"

"எனக்கு வெயில் வேணாம் சார். பேட்டரி தாங்கும்."

அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்ததும் அவளுக்குள் ஒரு குரூரமான குளிர்ச்சி. இறங்கும்போது அதுவே உறுத்தியது. ஆனாலும் திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு படம்கூட விடுபடாமல் வேலை முடிந்தது. கிஷோர் பாராட்டினான். கேமராவைக் கழற்றப் போன அன்று சின்னப்பா வாளியோடு காத்திருந்தார். ஸ்டாண்டைத் தூக்கினாளோ இல்லையோ, அது நின்ற இடத்தில் தண்ணீரை வீசியடித்துத் துடைப்பத்தால் தேய்த்தார். அவள் செருப்பெல்லாம் நனைந்தது.

"வாசக் கேட்ட சாத்திக்கினு போ."

அவள் விரியத் திறந்துபோட்டுவிட்டுப் போனாள்.