அட்டையில் அச்சாகாத சங்கீதம்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். காணிக்கைத் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் அச்சாகியிருக்கும். வீட்டுக்கு ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எது கைக்கு வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. முதுநகரில் எங்கள் தெருக் கிறிஸ்தவ வீடுகளில் அந்த அட்டை காலண்டருக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

எங்கள் வீட்டில் அட்டையை எடுப்பது அம்மா, வாசிப்பது நான். அப்பா துறைமுகத்தில் படகுகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவருக்கும் எழுத்துத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தம்பி சின்ன வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். ஆகவே வேதம் எங்கள் வீட்டுக்குள் வந்ததெல்லாம் என் வாய் வழியாகத்தான்.

அந்த வருஷம் அம்மா எடுத்த அட்டையில், எந்த நோயும் உன் வீட்டை அண்டாது என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்த வருஷம் டாக்டரு நம்ம மூஞ்சியவே பாக்க மாட்டாரு" என்றாள். அப்பாகூடச் சிரித்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்து, ஆனி மாதம் நான் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். ஐப்பசி மழையில் தம்பிக்கு டைபாய்டு வந்தது. தந்தி கிடைத்து நான் கிளம்பியபோது தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. வண்டி வழியிலேயே நின்று நின்று போனது. நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அம்மா அழவில்லை. சுவரிலிருந்த அட்டையைக் காட்டி, "நீ அத சரியாத்தான் படிச்சியா?" என்று கேட்டாள்.

நான் கழற்றிப் பார்த்தேன். "அப்பிடித்தாம்மா போட்டிருக்கு."

"அப்ப நம்ம வூடு வூடு இல்லையா?"

சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார் துக்கம் கேட்க வந்தார். "எல்லாம் அவரோட சித்தம்மா" என்றார். அம்மா எழுந்து பின்பக்கம் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள் குடும்ப ஜெபத்தில் உட்காரவில்லை. கோயிலுக்கும் வருவதில்லை. நான் வேதத்தைத் திறந்தால் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அவளுக்கு நம்பிக்கை போனது கடவுள் மேலா, வாசித்த என் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. எது என்றாலும், இருந்த ஒரே வழி அடைபட்டுவிட்டது. நான் வாசிக்காவிட்டால் அவளாக எடுத்து வாசிக்க முடியாதே. அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

சிதம்பரத்துக்குத் திரும்பியதும் அம்மாவுக்குச் சொல்ல ஒரு நல்ல வசனம் தேடினேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட இடங்களை மட்டும் புரட்டிக்கொண்டே போனேன். என் அறையில் இருந்தவன் கீரப்பாளையத்து விவசாயி வீட்டுப் பையன், காலையில் விபூதி பூசாமல் வெளியே போகமாட்டான். கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"என்னா மச்சான், இம்பார்டன்ட் கொஸ்டின் மட்டும் பாத்துக்கிட்டுப் போறியே. நடுவுல இருக்கறதெல்லாம் யாரு படிக்கறது, நானா?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது, சும்மா இரு" என்றேன்.

"புரியலதான். கத கேக்கறவன் நடுவுல நடுவுலயா கேப்பான்?"

கோபம் வந்தது. ஆனால் பிறகு பார்த்தால், கோடு இல்லாத பக்கங்கள் கடையில் வாங்கின நாள் போலவே சுத்தமாக இருந்தன.

அட்டை வசனம் வேதத்தில் சங்கீதம் என்னும் ஜெபப் பாட்டுகளில் ஒன்றில் இருந்தது. அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்தேன். அதற்கு அடுத்தாற்போல் வரும் வரிகள் எங்கோ கேட்டவையாக இருந்தன. தேடிப் பார்த்தேன். வனாந்தரத்தில் சோதனைக்காரனான பிசாசு வந்து, கோபுரத்திலிருந்து குதி, உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆண்டவரிடம் சொல்கிறானே, அவன் எடுத்துக் காட்டுவது இதே சங்கீதத்தைத்தான். இரண்டையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. வசனம் பொய்யில்லை. ஆனால் அதைத் தனியாகக் கத்தரித்து நீட்டினால் அது யார் கையிலும் போகும். 

அதன்பின் சங்கீதங்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு, மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். மெஸ் மணி அடிக்கும் வரை ஒன்றே ஒன்றுதான். இதைச் சொல்கிறவன் யார், இதற்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்கு என்ன நடந்திருக்கும், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, அவன் குரல் எந்த இடத்தில் தழைகிறது என்று கேட்டுக்கொண்டே வாசிப்பேன். பாதிப் பேர் அழுகிறார்கள். இவ்வளவு அழுகை அந்தப் புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அதில் ஒரு சங்கீதம் அழுகையில் தொடங்கி இருட்டில் முடிகிறது. கேட்டவனுக்குப் பதில் வரவில்லை, கூட்டாளிகளும் விட்டுப் போய்விட்டார்கள், கடைசி வரியிலும் வெளிச்சம் இல்லை. அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு ஒன்றும் இல்லை. அதை மனப்பாடம் செய்யும்படி யாரும் எனக்குச் சொன்னதுமில்லை.

அந்தச் சனிக்கிழமை பாசஞ்சர் பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்திருந்தார்.

"ஒண்ணு படிக்கிறேம்மா" என்றேன்.

"ஆறுதல் சொல்றதுன்னா வேணாம்."

"இதுல ஆறுதலே இல்ல."

நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் எதுக்குப் படிக்கற?"

"புடிக்கலன்னா எழுந்து போ."

வாசித்தேன். பாதியில் கீரை உருவுகிற சத்தம் நின்றுவிட்டது. முடித்ததும், "அப்பறம்?" என்றாள்.

"அவ்ளோதான்."

"அடுத்த பக்கத்துல பாரு."

"அது வேற சங்கீதம்மா."

"கடவுளு ஒண்ணுமே சொல்லலையா?"

"இதுல சொல்லல."

"இதுவும் வேதந்தானா? நீயா எழுதிக்கிட்டு வரலியே?"

"எனக்கு இப்பிடி எழுத வராது."

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்பிடியெல்லாம் அவருகிட்ட கேக்கலாமா?" என்றாள்.

"கேட்டிருக்காங்க. கேட்டதக் கிழிச்சுப் போடாம வெச்சிருக்காங்க."

"அப்ப இத ஏன் அட்டையில அச்சடிக்கல?"

அப்பாதான் சொன்னார்: "அச்சடிச்சா எவன் எடுப்பான்?"

"இன்னொரு வாட்டி படி" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவள் அதை மட்டும்தான் கேட்டாள். வேறு எதை எடுத்தாலும் எழுந்துவிடுவாள். உபதேசியாருக்கு இது பிடிக்கவில்லை. "நல்ல பகுதியா பாத்து வாசிங்க தம்பி, அம்மா தேறணுமில்ல" என்றார். அம்மாவோ, "இதப் பாடுனவன் யாருடா, புள்ளயப் பறிகொடுத்தவனா?" என்று கேட்பாள். தெரியவில்லை என்பேன். "கூட்டாளிங்க ஏன் வுட்டுட்டுப் போனாங்களாம்?" என்பாள். நான் யோசிப்பதற்குள், "துக்கம் கேட்டுட்டுப் போனவங்க எங்க திரும்பி வர்றாங்க" என்று அவளே சொல்லிக்கொள்வாள். தேறுகிறாளா என்று நான் ஒவ்வொரு வாரமும் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்தேன். இன்னொரு வாட்டி படி என்று அவள் சொல்லவில்லை. ஜெபத்துக்குப் போடுவதுபோல் முந்தானையைத் தலையில் போடவில்லை, கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்கிற குரலில் பேசினாள்.

"சோறு கேட்டான். ஒரு வாய் சோறும்மான்னு கேட்டான். சோறு குடுத்தா குடலு ஓட்டையாயிடும்னு டாக்டரு சொன்னாரு. கஞ்சித் தண்ணிதான் குடுத்தேன். அத துப்பிட்டுத் துப்பிட்டுக் கேட்டான். பொழைச்சதும் தர்றேண்டா கண்ணுன்னு சொன்னேன். பசியோடதான் போனான். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த."

என்னிடம் பேசுகிறாள் என்று முதலில் நினைத்துவிட்டேன். நான் அப்போது சிதம்பரத்தில் அல்லவா இருந்தேன்.

அப்பாவுக்கும் அந்தச் சோற்றைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா பேசி முடித்துவிட்டாளா என்று தெரியாததால், ஆமென் சொல்லாமல் நான் காத்திருந்தேன்.