உப்பு பார்த்தவள்

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் எனக்குச் சிதம்பரத்தில் காது ஆபரேஷன் நடந்தது. இரண்டு வருஷமாகச் சீழ் வடிந்துகொண்டிருந்த இடது காது. அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது அவள் தங்கை, என் சித்தி. கடலூரில் எங்கள் வீட்டில் தங்கித்தான் அவள் டிகிரி முடித்தாள். அடுத்து பி.எட். சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதலில் கல்யாணம், படிப்பெல்லாம் பிறகு என்று அம்மா அதைவிட உறுதியாக நின்றாள்.

தலையில் கட்டோடு, சித்தி வாங்கி வந்த இட்லியையும் கத்தரிக்காய் கொத்சுவையும் ஆசையாக வாயில் வைத்தேன். துருப்பிடித்த சாவியை நக்கியதுபோல இருந்தது. பாலும் சாவி, பிஸ்கட்டும் சாவி. நாக்கின் ருசி நரம்பு காதுக்குள் புகுந்துதான் போகிறது, ஆபரேஷனில் அது லேசாக அடிபட்டால் சில மாதம் இப்படி இருக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஒரே பயம், சொன்னால் மறுபடியும் காதைத் திறந்துவிடுவார்கள் என்று. சித்தியிடம் மட்டும் சொல்லி, அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மறுமாதம் பெண்ணாடத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை, அம்மா விரதம். நல்ல வரன் அமைய வேண்டும் என்று சித்தியையும் விரதம் இருக்க வைத்திருந்தாள். பலகாரமெல்லாம் சித்தி கையால்தான். உப்பு பார்க்க மட்டும் வேறு வாய் வேண்டும். கூடத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைத் தாண்டி வந்து சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குத்தான் வாய் சரியில்லையே சித்தி" என்று காதோடு சொன்னேன்.

"பரவால்ல குட்டி. உனக்கு எப்படித் தெரியுதோ அப்படியே சொல்லு."

சட்னியை உள்ளங்கையில் விட்டாள். உப்பே இல்லை என்றேன். போட்டாள். இன்னும் பத்தல என்றேன். அதற்கும் போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வீட்டில் என் பேச்சை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா போண்டாவைச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. தண்ணீர் கேட்டார். "எல்லாம் பொண்ணே செஞ்சதா?"

"ஆமாங்க, எல்லாம் அவ கைதாங்க. நாங்க யாரும் கிட்டகூட போவல" என்றாள் அம்மா, பெருமையாக. மாப்பிள்ளை இரண்டாவது சொம்பைக் காலி செய்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். "அவுங்க சமைக்கத் தெரிஞ்ச பொண்ணா பாக்குறாங்களாம்."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சித்தியின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே! காதைத் திறந்தாலும் திறக்கட்டும் என்று, "நான்தாம்மா உப்பு பாத்தேன், எனக்கு ருசியே தெரியலம்மா" என்று ஓவென்று அழுதேன்.

அம்மா வாயெடுப்பதற்குள் சித்தி என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கிக் குலுங்கி ஆடியது.

"அழுவாத சித்தி, வேற மாப்பிள்ள வருவாங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அதைக் கேட்டதும் அவளால் சுத்தமாக அடக்க முடியவில்லை. பாவம், அந்த மாப்பிள்ளை மேல் இவ்வளவு ஆசை வைத்திருந்தாளா என்று நினைத்துக்கொண்டேன்.