விலை போகாததற்கு ஒரு கொட்டகை

ஜொகூர்பாரு பக்கம் தெப்ராவில் மகள் வீட்டில் இருந்தபோது லெட்சுமியிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் ஊரில் காமாட்சி அக்கா நடத்தும் மறுசுழற்சிக் கொட்டகையில் அவரோடு பிளாஸ்டிக் பிரிப்பவர் அவர். "அண்ணே, அக்கா தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்று அழுதார். ஊருக்கு, பத்து பாகாட்டுக்கு, வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இன்னும் பத்து வருடம் சண்டை போட வேண்டிய மனுஷி இப்படியா பாதியில் போவது?

வாசலில் இறங்கினால், துக்கத்துக்கு வந்தவர்களுக்கென்று யாரோ குடிநீர்க் கப்புகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் கப்புகள், அதுவும் காமாட்சி அக்கா வீட்டில்! "அட அலமாக், இன்னிக்கு ஒரு நாள் விடுங்கண்ணே" என்றார்கள். விடவில்லை. எல்லாவற்றையும் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டுக் கோயில் டம்ளர்களை வரவழைத்தேன்.

அதே தப்பை முன்பு செய்தவன் நான். கோயில் செயலாளராக இருந்தபோது, அக்கா கெஞ்சியும் கேட்காமல் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கப்புகளையே வாங்கினேன். புண்ணியம் என்று நினைப்பு. சாயங்கால மழையில் பாதி கப்புகள் சாக்கடை வழியே ஆற்றுக்குப் போய்விட்டன. மூன்றாம் நாள் அக்கா முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கிப் பொறுக்கிய மூட்டையை, நிர்வாகக் கூட்டத்தில் என் முன்னால் கொட்டினார். "செயலாளரே, உங்க புண்ணியம் கடலுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. புடிச்சுக் கொண்டாந்திருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு எவர்சில்வர் டம்ளர் வந்தது. "கப்பு வாங்கினவரே கழுவட்டும்" என்பது அக்காவின் தீர்ப்பு. இரண்டு நாள் நின்று கழுவினேன்.

துணி ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். படித்தவர்கள் முன்னால் குரலைத் தாழ்த்தும் பழக்கம் அவரிடம் இல்லை. ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வந்த முதலீட்டாளர் ஒருவர், அரைக்கும் இயந்திரம் வாங்கித் தருகிறேன் என்றார். ஆனால் நல்ல விலைக்குப் போகும் பாட்டில்களை மட்டும்தான் எடுக்க வேண்டும்; மிட்டாய் உறையும் மீ நூடுல்ஸ் பாக்கெட்டும் கிழிந்த பையும் வேண்டாம். நான் தலையாட்டிவிட்டேன். அக்கா ஆட்டவில்லை. "விலை போறத யாரு சார் கடல்ல வீசுறா? விலை போகாததுதானே அங்க போகுது. அத எடுக்காம நான் என்னத்துக்குக் கொட்டகை நடத்தணும்?" வந்தவர் காரேறிப் போய்விட்டார்.

ஊரே அக்காவைத் திட்டியது, நானும்தான். அவரோ மாதாமாதம் பெண்கள் சீட்டுப் போலப் போடும் கூட்டைக் கையில் எடுத்தார். கூட்டு விழுந்தால் ஒருத்தி சங்கிலி வாங்குவாள், ஒருத்தி பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவாள். அந்த முறை அக்கா தனக்கு விழுந்த கூட்டுப் பணத்தைக் கொட்டகைக்கு வைத்தார். தங்கள் முறை வந்தபோது மற்றவர்களும் வைத்தார்கள். பழைய இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. "இது நம்ம மெஷின். பிரிக்கிற கைக்குத்தான் இதுல பங்கு" என்றார். இன்று உறைகளும் பைகளும் அங்கே அரைபட்டு, உருகி, பலகையாகின்றன. படகுத்துறையில் நீங்கள் உட்காரும் பெஞ்சு அந்தப் பலகைதான்.

காரியம் முடிவதற்குள் அதே முதலீட்டாளரிடமிருந்து இரங்கல் செய்தி வந்தது, பழைய நிபந்தனையோடு. "அக்காவே இல்ல, இனிமே ஒத்துக்கலாம் லா" என்றார் கோயில் தலைவர். லெட்சுமி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மரியாதையா எழுதுங்கண்ணே. ஆனா முடியாதுன்னு எழுதுங்க." எழுதி அனுப்பினேன்.

அவரை அறிந்தவர்களே, படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது அவருக்குப் பிடிக்காது. காமாட்சி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, உதவ வந்த பெரிய மனிதரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தயங்காத அந்த வாயை. என் வயதுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. இனி விடுவதாக இல்லை. திங்கட்கிழமை காலை கொட்டகை திறக்கும். யாரும் வாங்காத குப்பையை முதலில் கொண்டு வாருங்கள்.